ஆறாத அடுப்பு

"எங்க வீட்டுக்காரர் வெளியூர் போனதுலேருந்து இதைப் பத்தவைக்கவே இல்லைங்க" என்று சொல்லித்தான் அந்தப் பெண், ஓர் ஆள் உள்ளே உட்காரலாம் போலிருந்த, பானை வடிவப் பீங்கான் கரியடுப்பைப் பாதி விலைக்குத் தந்தாள். நாலு பேர் சேர்ந்து அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். மண்பானை வாங்கும் பழக்கத்தில் கனகம் அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். உள்ளங்கையில் சூடு ஏறியது.

"ஏங்க, இது சுடுதுங்க."

"வெயில்ல கெடந்திருக்கும். ஏறு" என்றான் அவள் கணவன் திருமலை.

மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. அடுப்பு இருந்ததோ கூரைக்கடியில்.

"அவரு எந்த ஊருக்குப் போனாருன்னு கேட்டீங்களா?"

"நமக்கெதுக்குடி அது?"

வண்டி தெருமுனையில் திரும்பும்போது கனகம் எட்டிப் பார்த்தாள். பிணம் எடுத்த வீட்டைக் கழுவுவதுபோல, அந்தப் பெண் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி, கூடத்திலிருந்து வாசல்வரை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.