ஆறு ராத்தல் காற்று

தேயிலைத் தோட்டத்துக்குச் சோலைமலை தரவேண்டிய கடன் நாற்பத்து மூன்று ரூபா ஐம்பது சதம். அவன் களவெடுத்ததாகச் சொல்லப்பட்ட சாமான், ஆறு ராத்தல் காற்று.

வெறும் காற்று இல்லை. கோல்ட் ரூம் மெசினுக்கு ஏற்றுகிற கேஸ். ராத்தல் ஏழேகால் ரூபா. தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்துத் தகரக் கூரை வழியாக எல்லாருக்கும் சும்மா இறங்குகிற குளிரை, தோட்டத்துத் துரை மட்டும் கொழும்பிலிருந்து காசு கொடுத்து வாங்கி ஆட்டிறைச்சிக்கும் பியருக்கும் போர்த்தி வைத்திருந்தார்.

சிலிண்டரைத் தலவாக்கலை ஸ்டேசனிலிருந்து சுமந்து வந்தவன் சோலைமலை. இரும்பும் கேஸுமாக அறுபது ராத்தல் என்றது கொழும்புச் சீட்டு. நாற்பது பெண்களின் கொழுந்தை நிறுத்து முடித்த கையோடு, கணக்கப்பிள்ளை யேசுரட்ணம் அதையும் தராசில் மாட்டி, ஐம்பத்து நாலு என்று பேரேட்டில் எழுதிவிட்டார்.

"வழியில திருகத் தெறந்து விட்டிருக்கே."

"தெறந்து என்னங்கய்யா செய்யப்போறேன்? குடிக்கவா?"

"ஒனக்குத் தெரியாததா?"

கடனை வருகிற சம்பளத்திலேயே பிடிப்பதாக ஏற்பாடு. பாதிச் சம்பளம் போனால் அந்த மாசம் வீட்டில் அடுப்பெரியாது.

இன்று கேஸ் ஏற்றுகிற நாள். கொழும்பிலிருந்து மெசின் வேலைக்காரர் இக்னேசியஸ் பாஸ் வந்து மெசினுக்குப் புதுக் குழாய் பூட்டினார். சோலைமலை தகடுகளில் அடைந்திருந்த தூசியைத் தட்டிவிட்டு, மூட்டுக்கெல்லாம் சவர்க்கார நுரை தடவினான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஒழுக்கு இல்ல. இனி எட்டு ராத்தல் ஏத்தணும். கூடினா மெசின் கெட்டுரும்," என்றார் பாஸ். "தராசு இருக்கா?"

தோட்டத்தில் இருந்தது ஒரே தொங்கு தராசு. கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து அதைக் கழற்றிவந்து கோல்ட் ரூம் வாசலில் மாட்டினார்கள். கொழுந்து நிறுக்கக் காத்திருந்த பெண்களும் கூடையோடு பின்னாலேயே வந்து நின்றார்கள். துரையும் வந்தார், காற்றுக் கள்ளனின் முகத்தைப் பார்க்க.

சிலிண்டர் தொங்கியது. யேசுரட்ணம் முள்ளைப் பார்த்தார். "ஐம்பத்து நாலு."

பாஸும் எட்டிப் பார்த்தார். "முள்ளு அறுபதுல நிக்குதேங்க."

"அறுபதுதான். கழிச்சா ஐம்பத்து நாலு."

"எதக் கழிச்சா?"

"கூடைக்கு மூணு, ஈரத்துக்கு மூணு." பதினெட்டு வருசம் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது.

பாஸ் சிலிண்டரை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "கூடையக் காணோமேங்க."

பெண்கள் தலைத்துண்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துரையே சிரித்துவிட்டார். பேரேட்டை வாங்கி, நாற்பத்து மூன்று ரூபா ஐம்பது சதத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் சோலைமலைக்கு மூச்சு வந்தது.

அவன் பொஞ்சாதி அழகம்மா கூடையோடு முன்னுக்கு வந்தாள்.

"தொரைங்களே, எங்க வெறுங்கூட ஒன்றரை ராத்தல்கூட வராதுங்க. வெயில் நாள்லயும் ஈரத்துக்குக் கழிக்கிறாருங்க. எங்க எல்லாருக்கும், அன்னாடம்."

சிரிப்பு நின்றது. துரை கணக்கப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். யேசுரட்ணம் பேனையைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். இந்த மனுசன் இப்படித் தடுமாறி நிற்பதைக் காணத் தனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று சோலைமலை நினைத்துக்கொண்டான்.

"யேசுரட்ணம், நீ செஞ்சது பெரிய பிழை," என்றார் துரை. "இனிமே கேஸ பாஸ் நிறுக்கட்டும். நீ கொழுந்து மட்டும் நிறு."