எதிரணிப் பக்கம்

மனித வரலாற்றில் முழு நியாயத்தோடு நடந்த பகை ஒன்றே ஒன்றுதான்: வெர்டனுக்கும் ஹோல்பெக்குக்கும் இடையிலான கூடைப்பந்துப் பகை.

எங்கள் ஊர் வெர்டன். ஆகவே நியாயம் எங்கள் பக்கம்.

இரண்டு ஊரிலும் பிள்ளைகள் குறைந்துபோனதால், இந்த வருடம் பள்ளிகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். இதைத் தொடரலாமா என்று செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. வேண்டாம் என்று முடிவானால் இரண்டுக்கும் பூட்டு; பிள்ளைகள் பேருந்தில் ஒரு மணி நேரம் போய்த்தான் படிக்க வேண்டும்.

புதிய அணியின் முதல் ஆட்டம் ஹோல்பெக் அரங்கில். என் தங்கை டெஸ் ஆடுகிறாள்.

வெர்டன் ஜனங்கள் உள்ளே நுழைந்தோம். அந்த அரங்கில் எப்போதும் உட்காரும் பக்கமே போய் உட்கார்ந்தோம். எதிரணிக்காரர்களின் பக்கம்.

கொஞ்ச நேரத்தில் நிஜமான எதிரணிக்காரர்கள் வந்தார்கள். லோமன் ஊர்க்காரர்கள், மரியாதை தெரிந்தவர்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எங்கள் முழங்கால்களைத் தாண்டி மேலே ஏறினார்கள்.

நாங்கள் எழவில்லை. எழுந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பள்ளிச் சமையலறை மார்விஸ் மட்டும் எழுந்து, களத்தின் ஓரமாக எதிர்ப்பக்கம் நடந்தார்.

"போம்மா மார்விஸ், போ! அப்படியே அவனுங்க சட்டையையும் வாங்கி மாட்டிக்க!" என்றார் அப்பா. "செவ்வாக்கெழம நான் வேணாம்னுதான் போடப்போறேன்."

வரிசையே சிரித்தது.

டெஸ்ஸுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. எறியும் முன் சொந்த அணியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாதி பெஞ்சு காலி.

பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது.

எங்களைச் சுற்றி லோமன்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

எதிரே ஹோல்பெக்காரி ஒருத்தி எழுந்து நின்று கத்தினாள். "பரவால்லடி டெஸ்! அடுத்தத போடு, தங்கம்!"

"இந்த பெஞ்சு முதுகக் கொல்லுது," என்று யாரிடமோ சொல்லிவிட்டு அப்பா எழுந்தார். களத்தின் ஓரமாக, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்.

அந்தப் பக்கமும் அதே பெஞ்சுதான். நான் சொல்லவில்லை. பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் வெர்டன் ஊரே முனகிக்கொண்டு எழுவது கேட்டது.

அப்பா நேராக அந்த ஹோல்பெக்காரியிடம் போய் நின்றார். பக்கத்து இடத்தில் போட்டு வைத்திருந்த கோட்டை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பார்வையைக் களத்திலிருந்து எடுக்கவில்லை.

அப்பா தோற்கிற நேரங்களில் அம்மா எப்போதும் அப்படித்தான்.