ஒரே துணியில் இரண்டு

கிறிஸ்துமஸுக்குச் சாராள் எப்போதும் ஒரே துணியில் இரண்டு பாவாடை தைக்கக் கொடுப்பாள். ஒன்று மகள் ஜெபாவுக்கு, மற்றது பக்கத்துத் தெருவில் தகப்பனில்லாமல் வளரும் பேச்சிக்கு. இருவருக்கும் ஒரே வயது என்பதால் ஜெபாவை மட்டும்தான் அளப்பார்கள். ஐப்பசியில் வந்த காய்ச்சலில் ஜெபா போய்விட்டாள்.

“இந்த வருசம் ஒண்ணு போதும் அண்ணாச்சி.”

“அளவு, தங்கச்சி?” டெய்லர் தயங்கிக் கேட்டார்.

“போன வருச அளவு இருக்கும்லா?”

“அது பேச்சிக்கு எப்படிப் பத்தும்? பிள்ளை வளந்திருப்பாள்லா.”

சாராள் போய்ப் பேச்சியைக் கூட்டி வந்தாள். டெய்லர் அவள் இடுப்பில் டேப்பை வைக்க, சாராள் குனிந்து மறுமுனையைக் கணுக்காலில் பிடித்தாள். நாலு விரல் கூடியிருந்தது.

“கால் கூசுது அத்தை, விடுங்க.” பேச்சி சிரித்தாள்.

சாராள் விடவில்லை.

“அடியில நல்லா மடிப்பு விட்டுத் தையுங்க அண்ணாச்சி. இன்னும் வளருவா.”