தூணடியில் குடை இல்லை

கணினித் திரையில் இடிந்த கோட்டைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாக நகர்கின்றன. எந்த நாட்டுத் தூணானாலும், உயரம் தெரிவதற்காகக் கணவர் தன் கறுப்புக் குடையை அதில் சாய்த்துவைத்துத்தான் படமெடுப்பார். இந்தப் படத்தில் மட்டும் குடைக்குப் பதில் அவரே நிற்கிறார். படத்தின் கீழோரத்தில், விரித்த குடையின் நிழல் வட்டமாக விழுந்திருக்கிறது. தேநீரை ஆறவிட்டு மனைவி அதையே பார்க்கிறாள். “தனியாத்தானே போனீங்க? இதை யாரு எடுத்தா?” “டைமர் வெச்சேன்.” “டைமர் குடை பிடிக்குமா?” “கேமராவுக்கு வெயில் ஆகாதும்மா” என்று, வெகுநேரமாகப் பக்கம் புரளாத செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் வருகிறது. அவள் படத்தைப் பெரிதாக்குகிறாள். கல்யாண ஆல்பம் முழுக்க உம்மென்று நின்ற மனிதர், அந்த டைமரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார்.