வாய்க்குப் பூட்டு

புதிதாக வந்தவளின் வாய் அசைவதைப் பச்சையம்மாள் காலையிலிருந்து மூன்று முறை பார்த்துவிட்டாள்.

கொட்டகையில் ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். விதைக்கு வேண்டிய நிலக்கடலைப் பருப்பு. மெஷினில் போட்டால் உடைந்துபோகும், கையால்தான் உரிக்க வேண்டும். கையால் உரித்தால் பத்து பருப்பு முறத்துக்குப் போனால் ஒன்று வாய்க்குப் போகும். அதற்காகவே ஆட்கள் வந்து உட்காரும்போது வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிடுவாள் பச்சையம்மாள். வெற்றிலை மெல்லுகிற வாயில் யாரும் பருப்பைப் போட்டுக்கொள்வதில்லை.

"வெத்தலன்னா மட்டும் எங்க மொதலாளியம்மாவுக்குத் தாராள மனசு," என்றாள் இருசம்மாள். பத்து வருஷமாக இங்கே உரிக்கிறவள். "கஞ்சி ஊத்தத்தான் கை வராது. வாய்க்குப் பூட்டு போடறதுன்னா ஓடியாந்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். பச்சையம்மாளும் சிரித்தாள். இருசம்மாள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், வாய் சிவந்திருக்கிறது, அது போதும்.

குஞ்சம்மாள்தான் தட்டைத் தொடவில்லை. வெள்ளிமலையிலிருந்து விடியற்காலை ஜீப்பில் இறங்கி வந்தவள். மலையில் அந்த வருஷம் சாமை பொய்த்துவிட்டது. உரிப்பு முடிகிற வரைக்கும் பத்து நாள் வேலை கிடைத்தால் பிள்ளைகளுக்கு ஆகும் என்று இருசம்மாளைக் கெஞ்சிக் கூத்தாடி வந்து சேர்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, நீ வெத்தல போட மாட்டியா?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

"போடுவேங்க. வெறும் வயித்துல போட்டா தலைய சுத்துதுங்க."

"ஏன், சாப்ட்டு வர்லியா?"

"ஆக்கிக்கினு இருந்தா ஜீப்பு போயிடுங்க."

பச்சையம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் எதையாவது ஊற்ற வேண்டி வரும். பேச்சை மாற்றினாள்.

"போன வாரம் கள்ளக்குறிச்சி போய் டாக்டர பாத்தேன். சக்கரை ஏறிப்போச்சாம். சோறு நீங்க கம்மியாத்தான் சாப்புடறீங்க, நடுவுல நடுவுல கொறிக்கிறதுதான் ஜாஸ்தின்னு திட்றாரு."

"அது எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் இருசம்மாள்.

"இரு, சொல்றத கேளு. எதுனா எடுத்து வாயில போடறதுக்கு முன்னாடி, கேக்கறது வயிறா, வாயான்னு நம்மளையே கேட்டுக்கணுமாம். வாய்தான்னா, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு கம்முனு இருக்கணுமாம். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடுமாம். நாலு நாளா நான் அப்டித்தான் இருக்கேன். ஒரு பொரி கூட தொடல."

குஞ்சம்மாள் கையை நிறுத்தாமல் கேட்டாள். "வாய் தனியா கேக்குங்களா?"

"பின்ன? நமநமன்னு இருக்குமே. உனக்கு அப்டி இருக்காது?"

"தெரியலீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

இருசம்மாளுக்குச் சிரிப்பில் புரையேறியது.

கொஞ்ச நேரம் கழித்துக் குஞ்சம்மாள் எழுந்துபோய்க் குழாயில் ஒரு சொம்பு பிடித்து முழுக்கக் குடித்தாள். வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் உரித்தாள்.

"அடங்கலீங்களே," என்றாள். "அப்ப அது வயிறுதானுங்களா?"

பச்சையம்மாளுக்குச் சுருக்கென்றது. மலைக்காரிக்கு வந்த அன்றைக்கே கிண்டல். அப்போதும் அந்த இடது கன்னம் லேசாகப் புடைத்து அடங்குவதைப் பார்த்தாள்.

வெயில் ஏறியதும் முறங்களைப் பார்வையிடக் கிளம்பினாள். ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று, குனிந்து, பருப்பை அள்ளி, சொத்தை கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். குஞ்சம்மாளிடம் வந்தபோது கன்னம் மறுபடி அசைந்தது.

"வாயத் தெற."

எல்லாக் கைகளும் நின்றன.

"இன்னாங்க?"

"தெறன்னா தெற. காத்தாலேர்ந்து பாத்துக்கினே இருக்கேன். வெதைக்கு வச்சத தின்னுட்டு மண்ணுல இன்னாத்த போடறது?"

"வுடும்மா," என்றாள் இருசம்மாள். "பசிக்கு ரெண்டு போட்டிருப்பா. யாரு போடல?"

"நீ சும்மா இரு. நீ இட்டாந்த ஆளுதான இது."

குஞ்சம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய்த் துப்பி, நீட்டினாள்.

புளியங்கொட்டை. தோல் போய் வழவழவென்று இருந்தது.

"வூட்லேர்ந்து அடக்கிக்கினு வந்தேங்க. பருப்பு வாசத்துக்கு எச்சி ஊறுதுங்க. மறந்தாப்ல கை ஒண்ண எடுத்துடுச்சின்னா, நாளைக்கு வராதன்னுடுவீங்க. அதான் வாய்க்கு வேல குடுத்துக்கினு இருந்தேன்."

ஏழு பேரும் பச்சையம்மாளையே பார்த்தார்கள். இருசம்மாள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்தப் பார்வைதான் பச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"வாசத்துக்கே எச்சி ஊறுதுன்னு நீயே சொல்ற," என்றாள். "இன்னிக்கு கொட்டைய மெல்லுவ. நாளைக்கு? ஆசைய அடக்கத் தெரியாதவள நம்பி வெதைய குடுக்க முடியாது. நாளைக்கு வராத."

சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்த பச்சையம்மாள், அவ்வளவு நேரமும் கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்த பருப்பை அப்போதுதான் நிதானமாக மென்றாள்.