இருபத்தோராவது மரம்

“எல்லா அம்மாவும் இருபதுன்னு போட்டிருக்காங்கப்பா. நான்தான் லூசு.”

சுஜி ரப்பரை எடுத்துவிட்டாள். அவள் நோட்டில் இருபத்தொன்று என்றிருந்தது. பள்ளி வேன் வரப் பத்து நிமிடம்.

கணக்கைப் படித்தேன். நூறு மீட்டர் தெரு. ஒரு பக்கம் மட்டும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஐந்து மீட்டருக்கு ஒரு மரம். மொத்தம் எத்தனை?

நூறை ஐந்தால் வகுத்தால் இருபது. எனக்கும் இருபதுதான் தோன்றியது.

பிறகு ஜன்னலைப் பார்த்தேன்.

அவளை இழுத்துக்கொண்டு போய் கிரில் கம்பிகளை எண்ணச் சொன்னேன். ஏழு. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி? ஆறு.

“அப்பா, கம்பி ஒண்ணு ஜாஸ்தி!”

குதித்தாள். நானும் கத்தினேன். இந்த வீட்டில் நான் சத்தம் போட்டு எவ்வளவோ நாளாகிறது. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

விடைக்குக் கீழே ஆங்கில வாக்கியத்தில் ‘இஸ்’ என்று எழுதியிருந்தாள். மரங்கள் பன்மை, ‘ஆர்’ என்று மாற்றச் சொன்னேன்.

“அது கிடக்குது. மொதல்ல அவங்ககிட்ட சொல்லு!”

ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்த போனைப் பிடுங்கினேன். ‘4-பி அம்மாக்கள்’ குழுவில் இருபது, இருபது என்று வந்துகொண்டே இருந்தது.

“21தான். முதல் மரத்தை எல்லாரும் விட்டுட்டீங்க.”

கிரிலைப் படமெடுத்து அதையும் அனுப்பினேன்.

குழு அடங்கிவிட்டது.

டிக்குகள் நீலமாயின. ஜெயஸ்ரீ ஏதோ அனுப்பி உடனே அழித்தார். ‘சத்யா’ என்ற முதல் சொல் மட்டும் என் கண்ணில் பட்டது.

அப்போதுதான் உறைத்தது.

அது என் மனைவி சத்யப்ரியாவின் போன். நான் அனுப்பியது அவர்கள் திரையில் அவள் பெயரோடு, அந்தப் பச்சைப் புடவைப் படத்தோடு போய்ச் சேர்ந்திருக்கும். அவளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த அம்மாக்கள் எல்லாரும் சிட்லபாக்கம் வந்திருந்தார்கள். ஏழு மாதமாக வீட்டுப்பாடம் பார்க்க மட்டும் அதைத் திறக்கிறேன். ஒரு எழுத்துகூட அனுப்பியதில்லை.

வேன் ஹாரன் அடித்தது.

ஹஃபீசா எழுதினார்: “ஆமா, 21. நாங்களும் மாத்திட்டோம்.”

அவ்வளவுதான். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

சுஜி ‘இஸ்’ஸை மட்டும் அழித்து ‘ஆர்’ என்று எழுதினாள். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போதே வேன்காரருக்குக் கூவினாள்.

“துலுக்காணம் அண்ணா, இருபத்தொண்ணு!”

நான் போனோடு நின்றேன். ஜெயஸ்ரீ மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். நிறுத்தினார். எழுதினார்.

“நாளைக்கும் இந்த நம்பர்லேர்ந்தே சொல்லுங்கண்ணா.”