சோபா உறையோடு போன அக்கா

என் தொழிலில் சரக்கு நம் வீட்டு வாசலை மிதிக்காது. ஒரு இணையதளத்தில் மலிவாகக் கிடைப்பதை இன்னொரு தளத்தில் விலையேற்றிப் போடுவேன். ஆர்டர் வந்ததும் முதல் தளத்தில் வாங்கி, நேராக வாடிக்கையாளர் முகவரிக்கே அனுப்பச் சொல்லிவிடுவேன். முதல் போடாத முதலாளி என்பாள் அக்கா.

போன மாதம் சோபா உறைக்குப் படம் ஏற்றும்போது, எங்கள் வீட்டு சோபாவில் அக்கா தூங்கும் படமும் கை தவறிச் சேர்ந்துவிட்டது. நான் கவனிப்பதற்குள் ஒருத்தர் வாங்கிவிட்டார். "படத்தில் இருப்பது போலவே வந்தது" என்று ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார். படத்தை நீக்கினேன். நட்சத்திரத்தை வைத்துக்கொண்டேன்.

நேற்று அவரே ரிட்டர்ன் கேட்டிருந்தார். "உறை நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்கிறோம். அக்காவை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தங்கமான பெண்தான். ஆனால் சாயங்காலமானால் வாசலில் நின்று தம்பி, தம்பி என்று அழுகிறாள்."

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ரிட்டர்னை ஏற்றால் ரேட்டிங் விழும், கடையையே மூடிவிடுவார்கள்.

"எவனோ வம்பு பண்றான்க்கா. முடியாதுன்னு அடிச்சிடறேன்."

அக்கா எட்டிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"ஒத்துக்கடா, எருமை. கடை போனா போகுது."

"நீதான் இங்க இருக்கியே!"

"அங்க இருக்கறவ தெனமும் எனக்குப் போன் பண்றாடா. உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னா, அதான் சொல்லல."

ஒத்துக்கொண்டேன். அக்கா எழுந்துபோய் அலமாரியில் தன் துணிகளை ஒரு பக்கமாகத் தள்ளினாள். காலியான பக்கத்தில், தனக்கு ரொம்பப் பிடித்த நீல நைட்டியை எடுத்து வைத்தாள்.